மொட்டை மாடியில் நின்று சூரியனை அளந்தவர்கள்



1925 ஜனவரி 24, சனிக்கிழமை காலை. நியூயார்க் நகரம் குளிரில் விறைத்துக் கிடந்தது. ஹட்சன் ஆற்றை ஒட்டி நீளும் ரிவர்சைட் டிரைவ் சாலையில், 72ஆம் தெருவில் தொடங்கி 135ஆம் தெரு வரைக்கும், மொட்டை மாடிகளில் வரிசையாக ஆட்கள் நின்றார்கள். வானியல் படித்தவர்கள் அல்ல. ஊருக்கு மின்சாரம் கொடுக்கும் கம்பெனிகளின் ஊழியர்கள். அவர்களுக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான்: சூரியன் முழுக்க மறைந்ததா, ஓரத்தில் துளியாவது மிச்சம் இருந்ததா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

நிலவின் நிழல் நகரத்தின் மேல் விழும் என்பது முன்பே தெரியும். எந்தத் தெருவோடு நின்றுவிடும் என்பதுதான் தெரியாது. ஒன்பது மணி கடந்து சில நிமிடங்களில் நிழல் வந்தது, போனது. 240ஆம் எண் கட்டடத்து மாடியில் நின்றவர்களுக்குச் சூரியன் முழுக்க மறைந்திருந்தது. 230ஆம் எண்ணில் நின்றவர்களுக்கு மறையவில்லை. இரண்டும் 96ஆம் தெருவை ஒட்டிய கட்டடங்கள். மூன்றரை லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து விழுந்த நிழலின் விளிம்பு, பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டது.

முழுச் சூரிய கிரகணம் பார்க்கப் போகும் ஆர்வலர் அங்கே உருப்படியாக என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை கிடைப்பது அரிது. கிரகணம் என்றதும் பேச்சு உடனே கேமராவுக்குப் போய்விடுகிறது. கேமராவும் வரும், அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. முதலில் அந்த மாடி ஊழியர்கள் எதை அளந்தார்கள் என்று பார்க்க வேண்டும். அவர்களிடமே கேட்டிருந்தால் நிழலைத்தான் என்றிருப்பார்கள். உண்மையில் அவர்கள் அளந்தது சூரியனின் பருமனை.

இந்த வித்தையைத் தொடங்கிவைத்தவர் ஹாலி. வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்தாரே, அதே எட்மண்ட் ஹாலி. 1715 மே 3ஆம் தேதி இங்கிலாந்தின் குறுக்கே நிழல் ஓடப்போகிறது என்று கணித்து, பாதையை வரைபடமாக அச்சிட்டு முன்கூட்டியே ஊரெல்லாம் பரப்பினார். அதில் ஒரு வேண்டுகோளும் வைத்தார்: கடிகாரம் வைத்திருப்பவர்கள் முழு இருட்டு எவ்வளவு நேரம் நீடித்தது என்று குறித்து அனுப்புங்கள். சுற்றுவட்டாரத்துக் கனவான்களும் பாதிரிமார்களும் ஊசல் கடிகாரத்தின் முன்னால் உட்கார்ந்து குறித்தார்கள், எழுதி அனுப்பினார்கள். ஹாலியின் கணிப்பு நேரத்தில் ஏறத்தாழ 4 நிமிடமும், பாதையின் விளிம்பில் முப்பது கிலோமீட்டர் அளவிலும் பிசகியிருந்தது. அந்தக் கடிதங்களை வைத்தே வரைபடத்தைத் திருத்திவிட்டார்.

யார்க்‌ஷயரில் டாரிங்டன் என்ற ஊர்க்காரர் ஒருவர் அனுப்பிய குறிப்பு அழகானது. அவர் இடத்தில் சூரியன் முழுக்க மறையவில்லை. ஒரு புள்ளியாகச் சுருங்கி, நிறத்திலும் அளவிலும் செவ்வாய்க் கோளைப் போல நின்றது. விளிம்புக்கு வெளியே மயிரிழையில் நின்றவர் கண்ட காட்சி அது. அவர் இன்னும் சற்று உள்ளே நின்றிருந்தால் ஊரார் எல்லோரும் கண்டதையே எழுதியிருப்பார். அந்தக் கடிதத்துக்கு இத்தனை மதிப்பும் இருந்திருக்காது.

விளிம்புக்கு ஏன் இவ்வளவு மரியாதை? ஒரு சின்னக் கணக்கு. பாகையை 3,600 பங்கு போட்டால் ஒரு பங்கு, விகலை. 25 மில்லிமீட்டர் அகலமுள்ள நாணயத்தை ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் வைத்தால் அது அந்த அளவுதான் தெரியும். சூரியனின் ஆரம் நாம் நினைப்பதைவிட ஒரு விகலை கூடுதல் என்று வைத்துக்கொண்டால், நிலவின் நிழல் விளிம்பு தரையில் சுமார் 1.8 கிலோமீட்டர் உள்ளே வாங்கிவிடும். ஆகவே விளிம்பை ஒரு தெருவின் அகலத்துக்குத் துல்லியமாகப் பிடித்துவிட்டால், சூரியனின் ஆரத்தையும் விகலையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த பிழையோடு பிடிக்க வழி கிடைக்கிறது. நிலவு எவ்வளவு பெரியது, எங்கே நிற்கிறது என்பது தெரிந்திருந்தால் போதும். பெரிய தொலைநோக்கி திணறும் வேலை இது, காரணம் சூரிய வெளிச்சத்தில் கொதிக்கும் காற்று சூரியனின் விளிம்பையே அலை அலையாக ஆட்டிவிடும். நிலவின் நிழல் அந்தக் காற்றுக்கு மேலே, வெட்டவெளியில் உருவாகிறது.

1979இல் ஜாக் எடி என்ற அமெரிக்க வானியலாளர் சூரியன் சுருங்கிக்கொண்டு வருகிறது, அதுவும் நூறு ஆண்டுக்கு இரண்டு விகலை அளவில் என்று சொல்லப்போக, விவாதம் சூடுபிடித்தது. அப்போது சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டவர்கள் யார்? ஹாலிக்குக் கடிதம் எழுதிய கிராமத்துக்காரர்கள். அடுத்த சில ஆண்டுகளில் 1925இன் நியூயார்க் மாடிகளும். சுருக்கம் இருந்தாலும் எடி சொன்னதைவிட மிகமிகக் குறைவு என்று அவர்கள் சாட்சி சொன்னார்கள். 1715இல் கடிகாரம் பார்த்தவர் யாரும் இந்த வழக்கைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை என்பதுதான் சுவாரசியம். கிரகண அட்டவணைகளில் நெடுங்காலமாகப் புழங்கும் சூரிய ஆரம் 959.63 விகலை, ஜெர்மன் வானியலாளர் ஔவர்ஸ் 1891இல் தந்த எண். 2017 ஆகஸ்ட் 21 கிரகணத்தின்போது மறையும் கடைசி ஒளியை நிறமாலையாகப் பிரித்து வீடியோ எடுத்த ஒரு சிறு குழு, அந்த வீடியோவை ஆராய்ந்து 959.95 என்று முடிவு கட்டியது. வித்தியாசம் மூன்றில் ஒரு பங்கு விகலைதான். ஆனால் மேலே போட்ட கணக்கின்படி தரையில் அரைக் கிலோமீட்டருக்கு மேல். 2024 ஏப்ரல் 8 அமெரிக்கக் கிரகணத்துக்கு முன், இந்தப் பெரிய ஆரத்தை வைத்து வரைந்த வரைபடத்தில் பாதையின் இரு ஓரமும் சற்று ஒடுங்கிவிட, விளிம்பில் வீடு கட்டியிருந்தவர்களுக்கெல்லாம் திடீர்க் கவலை வந்தது.

இதற்காகவே விளிம்பைத் தேடிப்போகிற ஆர்வலர் கூட்டம் ஒன்று உண்டு. ஐயோட்டா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமைப்பைச் சுற்றித் திரண்டவர்கள். பந்தி நடுவில் இலை போட்டால் இரண்டு மூன்று நிமிட விருந்து. இவர்கள் பந்தியின் கடைக்கோடியில் உட்கார்ந்து சில விநாடிகள் மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்து வருவார்கள். அந்தச் சில விநாடிகளில் நிலவின் விளிம்பிலுள்ள பள்ளத்தாக்குகள் வழியே சூரிய ஒளி மணிமணியாகக் கசியும், ஒவ்வொன்றாக அணையும். இவற்றுக்குப் பெய்லி மணிகள் என்று பெயர். 1836இல் ஸ்காட்லாந்தில் ஒரு வளைய கிரகணத்தின்போது இவற்றைத் துலக்கமாக விவரித்த பிரான்சிஸ் பெய்லி, லண்டனில் பங்குத் தரகராக இருந்து சம்பாதித்து ஓய்வு பெற்றவர். வானியல் அவருக்கு ஆசைக்குச் செய்த வேலை. நடுக்கோட்டில் ஒரு மூச்சில் முடிந்துபோகும் இந்த மணிகள் விளிம்பில் நிதானமாக ஆடும். ஜப்பானின் காகுயா, அமெரிக்காவின் எல்ஆர்ஓ என்ற விண்கலங்கள் நிலவின் மேடுபள்ளங்களை லேசரால் அளந்து வைத்துவிட்டதால், எந்த மணி எந்தப் பள்ளத்தில் எரிந்தது என்று இன்று பெயர் சொல்லிக் கூப்பிடலாம். ஒரு மணி அணைந்த நேரம் விநாடியின் பின்னம் வரை தெரிந்தால் அது ஒரு அளவுகோல்.

வேண்டிய சாமான்கள் பெரிதாக ஒன்றும் இல்லை. ஃபில்டர் போட்ட சிறு தொலைநோக்கி அல்லது நல்ல ஜூம் உள்ள வீடியோ கேமரா. செல்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை. நேரத்துக்கு ஜிபிஎஸ் கடிகாரம். கேமராவின் சொந்தக் கடிகாரத்தை நம்பக்கூடாது. அது நாளுக்கு நாள் தன்னிஷ்டத்துக்கு ஓடும். ஜிபிஎஸ் கடிகாரத்தின் முகப்பைக் கிரகணத்துக்கு முன்னும் பின்னும் அதே வீடியோவில் ஒருமுறை படமெடுத்துவிட்டால் கேமராவின் பிசகு தெரிந்துவிடும்.

இனி கேமரா.

1851 ஜூலை 28. அன்றைய பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பெர்கோவ்ஸ்கி என்ற உள்ளூர் புகைப்படக்காரரை வானாய்வகத்தார் அழைத்திருந்தார்கள். 61 மில்லிமீட்டர் லென்ஸ் பொருத்திய சிறு தொலைநோக்கியில் டாகெரோடைப் தகட்டை வைத்து 84 விநாடி ஒளி காட்டினார். சூரியனைச் சுற்றிப் படரும் கரோனா முதன்முறையாக ஒரு படத்தில் ஒழுங்காகப் பதிந்தது. தகட்டில் நிலவின் வட்டம் எட்டு மில்லிமீட்டர்கூட இல்லை. ஒன்பது ஆண்டு கழித்து, 1860இல், ஸ்பெயினின் இரு வேறு இடங்களிலிருந்து வாரன் டி லா ரூவும் செக்கி பாதிரியாரும் தனித்தனியே எடுத்த படங்களை ஒப்பிட்டபோது, விளிம்பில் தெரியும் செந்தழல்கள் சூரியனுடையவைதான், நிலவுடையவை அல்ல என்பது உறுதியாயிற்று. டி லா ரூவுக்குத் தொழில் காகித வியாபாரம்.

இன்றைய கேமராக்காரருக்கு எளிய சூத்திரம் ஒன்று: லென்ஸின் குவியத் தொலைவை 110ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் சூரியனின் அகலம். 500 மில்லிமீட்டர் லென்ஸில் நாலரை மில்லிமீட்டர். சிறிசு என்று தோன்றும். ஆனால் கரோனா சூரியனைப்போலப் பல மடங்கு விரிந்து கிடப்பதால் அதற்கும் இடம் விட வேண்டும். இரண்டாயிரம் மில்லிமீட்டர் லென்ஸைச் சுமந்து போனவர்கள் கரோனாவின் சிறகை வெட்டி எடுத்துக்கொண்டு திரும்புவார்கள்.

உண்மையான தலைவலி வெளிச்சம். கரோனாவின் உள்பகுதி வெளிப்பகுதியைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பிரகாசம். எஃப் 8, ஐஎஸ்ஓ 100 வைத்தால் செந்தழலுக்கு ஆயிரத்தில் ஒரு விநாடி, உள் கரோனாவுக்கு நூற்றில் ஒன்றை ஒட்டி, வெளிச்சிறகுக்கு ஒரு முழு விநாடி என்று போகும். ஒரே படத்தில் எல்லாம் அடங்காது. அதனால் வேகமான எக்ஸ்போஷரிலிருந்து மெதுவானது வரை படிப்படியாக எடுத்துப் பிறகு சேர்ப்பார்கள். செக் நாட்டின் பிர்னோ நகரத்துக் கணிதப் பேராசிரியர் மிலோஸ்லாவ் ட்ருக்முல்லர் இப்படிப் பல படங்களைச் சேர்க்கவென்றே தனி மென்பொருள் எழுதினார். அவர் படங்களில் கரோனா சீவி விட்ட கூந்தலைப்போல இழை இழையாகத் தெரியும். ஒரு எச்சரிக்கை: பூமி சுழல்கிறது. சாதாரண முக்காலியில் 500 மில்லிமீட்டர் லென்ஸை வைத்து ஒரு விநாடி திறந்தால், நான்கு மைக்ரான் பிக்சல் உள்ள சென்சாரில் படம் ஒன்பது பிக்சல் இழுபடும். வானோடு சேர்ந்து நகரும் தாங்கி இல்லாதவர் வெளிச்சிறகுக்கு ஆசைப்படாமல் இருப்பது நல்லது.

இருட்டு விழுவதற்கு இருபது விநாடி முன்னால் முகாமில் நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஃபோகஸ் வளையம் காலையிலேயே டேப் போட்டு ஒட்டப்பட்டிருக்கும், கை பட்டு நகராமல் இருக்க. ஒளி வெண்கலப் பாத்திரத்தின் மங்கல் நிறத்துக்கு வரும். தரையில் மரநிழலுக்குள் இலையிடுக்குகள் வார்த்த ஆயிரம் பிறைகள் மெலிந்துகொண்டே போகும். ஒருவர் உரக்க எண்ணுவார். லென்ஸின் முன்னாலுள்ள ஃபில்டரைக் கழற்ற வேண்டிய நொடி அது. லட்சத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டுமே விடும் சமாச்சாரம் அந்த ஃபில்டர். கூட்டத்தில் எப்போதும் ஒருவர் மறப்பார். வானம் பார்த்து வாய் பிளந்து நின்றுவிட்டு, எடுத்த நாற்பது படமும் கன்னங்கரேல் என்று இருப்பதை இருட்டு முடிந்து சூரியனின் முதல் ஒளி வைரமோதிரம் போல மின்னும்போதுதான் கண்டுபிடிப்பார். முதல் கிரகணத்துக்குக் கேமரா வேண்டாம் என்று அனுபவசாலிகள் சொல்லும் புத்தி இதனால்தான். யாரும் கேட்பதில்லை.

கண்ணைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. முழுமறைப்பு நீடிக்கும் அந்தச் சில நிமிடம் மட்டுமே வெறுங்கண். அதற்கு முந்தைய நொடியும் பிந்தைய நொடியும் ஐஎஸ்ஓ 12312-2 தரமுள்ள கண்ணாடி வேண்டும். எக்ஸ்ரே ஃபிலிம், புகை பிடித்த கண்ணாடி, சாணம் கரைத்த நீரில் தெரியும் பிம்பம் எதுவும் பாதுகாப்பல்ல. விழித்திரைக்கு வலி தெரியாது. வெந்தது மறுநாள்தான் தெரியும். கிரகண நேரத்தில் தாம்பாளத்து நீரில் உலக்கை நிற்கிறதா என்று பார்ப்பது கண்ணுக்கு எவ்வளவோ மேல். மற்ற நாளிலும் அது நிற்கும், அது வேறு விஷயம்.

அளவீட்டின் உச்சம் என்றால் 1919தான். சூரியனின் ஈர்ப்பு நட்சத்திர ஒளியை வளைக்கும், விளிம்பில் 1.75 விகலை என்றார் ஐன்ஸ்டைன். அதைச் சோதிக்க மே 29ஆம் தேதி மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள பிரின்சிபே தீவுக்கு ஆங்கிலேய வானியலாளர் எடிங்டன் போனார். கூடப் போனவர் கோட்டிங்ஹாம், நார்த்தாம்ப்டன்ஷயரில் கடிகாரக்காரர், வானாய்வகங்களின் கடிகாரங்களைப் பழுது பார்ப்பவர். ஐந்து நிமிட இருட்டில் எடிங்டன் தகடு மாற்றிக்கொண்டே இருந்தார். கிரகணம் தொடங்கிவிட்டதா என்று ஒரு பார்வை, மேகம் எவ்வளவு என்று நடுவில் ஒரு பார்வை, அவ்வளவுதான் அவர் கண்ட கிரகணம். பிரேசிலின் சோப்ரால் ஊருக்குப் போன இன்னொரு குழுவில் பெரிய கருவி வெயிலில் சூடேறிக் குவியம் இழந்தது. துணைக்கென்று கடன் வாங்கிக் கொண்டுபோன நான்கு அங்குல லென்ஸ்தான் மானத்தைக் காத்தது: ஏழு நல்ல தகடுகள், 1.98 விகலை. பிரின்சிபே தந்தது 1.61.

அதே நான்கு அங்குலம் தொண்ணூற்றெட்டு ஆண்டு கழித்துத் திரும்பி வந்தது. டொனால்டு பிரன்ஸ், சான் டியேகோவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஒளியியல் இயற்பியலாளர், 2017 ஆகஸ்டில் வயோமிங் மாநிலத்துக் காஸ்பர் மலையில் 101 மில்லிமீட்டர் டெலி வியூ தொலைநோக்கியை நிறுத்தினார். கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய கருவி. இரண்டரை நிமிடத்துக்கும் குறைவான இருட்டு, கணினியே ஷட்டரை இயக்கியது. எடிங்டன் காலத்தில் அதே நட்சத்திரங்களை வேறொரு சமயம் இரவில் படமெடுத்து ஒப்பிட வேண்டியிருந்தது. பிரன்ஸுக்கு கையா விண்கலத்தை ஒட்டி உருவான நட்சத்திரப் பட்டியல் கையில் இருந்தது. விடை 1.75, பிழை மூன்று சதவீதம் அளவில். தனியொரு ஆள் தன் சொந்த ஆசைக்குச் செய்தது அறிவியல் இதழில் 2018இல் வெளியானது. ஒரே நாள் காட்சியின் பின்னால் நீண்ட ஒத்திகை இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த உயரத்துக்குப் போக முடியாதவர்களுக்கு எளிய வேலைகளும் இருக்கின்றன. நிழலில் தலை உயரத்தில் வெப்பமானியைத் தொங்கவிட்டு நிமிடத்துக்கு ஒரு தரம் எழுதினால், வெப்பநிலையின் அடிமட்டம் முழுமறைப்பு முடிந்து பல நிமிடங்கள் கழித்து வருவதைக் காணலாம். தரைக்கும் காற்றுக்கும் ஆற சற்று நேரம் வேண்டும். இன்னொன்று நிழல் அலைகள். முழுமறைப்புக்குச் சற்று முன்னும் பின்னும் தரையில் பாம்பு ஊர்வது போல மங்கலான வரிகள் ஓடும். மெல்லிய பிறையின் ஒளி காற்றுச் சலனத்தில் நெளிவதால் வருவது. ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப்போட்டால் தெரியும். கேமராவில் பிடிப்பது கடினம், கண்ணுக்கு எளிது.

மேகம் வந்தால் எதுவும் இல்லை. 2009 ஜூலை 22 அன்று பீகாரின் தரேக்னாவில் கூடிய பெருங்கூட்டம் பார்த்தது மழைக்கால மேகத்தை. பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் 1870இல் ஜெர்மானியர் முற்றுகையிட்டிருந்த பாரிஸிலிருந்து பலூனில் ஏறித் தப்பி அல்ஜீரியாவுக்குப் போனார், கிரகணம் பார்க்கத்தான். அங்கே மேகம் மூடிவிட்டது. அடுத்த ஆண்டு, 1871 டிசம்பர் 12, நீலகிரியில் சோலூர் என்ற சிற்றூரில் நின்றார். வானம் தெளிந்திருந்தது. கரோனாவின் நிறமாலையில் சூரிய ஒளிக்கே உரிய இருண்ட கோடுகளை அங்கே கண்டார். அதே காலையில் தொட்டபெட்டாவில் டென்னன்ட், அவிநாசியில் சென்னை வானாய்வகத்துப் போக்சன், புதுக்கோட்டையில் இத்தாலியின் ரெஸ்பிகி, கேரளக் கரையில் பேக்கல் கோட்டையில் லாக்யர் என்று நிழற்பாதை நெடுக ஆட்கள் இருந்தார்கள். அந்தப் பாதை யாழ்ப்பாணம், திருகோணமலை வழியே கடலில் இறங்கியது.

தமிழ்நாட்டுக்கு அடுத்து வருவது முழுமறைப்பு அல்ல, வளைய கிரகணம். 2031 மே 21, உச்சிவெயில் நேரம். பாதை கேரளத்தைத் தாண்டி மதுரை, காரைக்குடி, வேதாரண்யம், யாழ்ப்பாணம் என்று போகிறது. நடுக்கோட்டை ஒட்டி ஐந்து நிமிடம் வளையம் நிற்கும். இதில் ஃபில்டரைக் கழற்றும் நொடியே கிடையாது, கடைசி வரை கண்ணில் கண்ணாடி. ஆனால் விளிம்பின் கணக்கு இங்கும் அதேதான்: பாதையின் ஓரத்தில் வளையம் மயிரிழையில் கூடும், மயிரிழையில் கூடாமல் போகும். கோடை விடுமுறை; பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். ஓர ஊர் ஒன்றில் நூறு மீட்டருக்கு ஒருவராக இருபது பேரை நிறுத்தி, வளையம் கூடியதா இல்லையா என்ற கேள்வியை மட்டும் கொடுத்தால் ரிவர்சைட் டிரைவ் இங்கே வந்துவிடும். பிள்ளைகளுக்கு நிழலான திண்ணையில் குடிக்கத் தண்ணீரும், ஆளுக்கொரு கிரகணக் கண்ணாடியும், பென்சிலும் வேண்டும். யார் எந்த வீட்டு வாசலில் நின்றார் என்பதைக் கதவு எண்ணோடு எழுதி வாங்கிவிட வேண்டும்.